சமையலறைப் பல்லியை விரட்டுவதா, விட்டுவைப்பதா?

சுவர்க்கோழி

எங்கள் சமையலறையில் ஒரு பல்லி நான்கு மாதமாகக் குடியிருக்கிறது. குழல்விளக்குக்கும் பரணுக்கும் இடைப்பட்ட சுவர் முழுவதும் அதன் ஆட்சி. வால் ஒருமுறை அறுந்து மறுபடி முளைத்திருக்கிறது. முளைத்த பாதி வெளிறிப்போய், ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். அதை வைத்துத்தான் அதே பல்லி என்று கண்டுகொள்கிறேன்.

எனக்கு அதனால் தொந்தரவு இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது. காலையில் அடுப்பு மேடையில் எச்சம் கிடக்கிறது, பாத்திரத்தில் விழுந்தால் விஷம், இன்றைக்கே அதை வெளியேற்று என்கிறார். முட்டை ஓடு மாட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் அந்த ஓட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. பாச்சை உருண்டை வைத்தேன், அதற்கும் அசையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கரப்பானுக்கு மருந்து அடித்தோம். பெரியவை எல்லாம் மல்லாந்தன. மூன்றே வாரத்தில் அரிசி அளவில் குஞ்சுக் கரப்பான்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. பல்லியையும் துரத்திவிட்டால் இவற்றை யார் தின்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈசல்

முதலில் அந்தப் பாச்சை உருண்டையை எடுத்து வெளியே போடுங்கள். சிறு பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் பொருள் அது. சமையலறையில் அதற்கு வேலை இல்லை. பல்லியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கூகை

வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லிலும் இல்லை, தோலிலும் இல்லை, வாலிலும் இல்லை. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அவர் சொல்வதை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவதும், மேடையைச் சோப்பு நீரால் துடைத்த பிறகே வேலையைத் தொடங்குவதும் சரியான பழக்கம்தான். அவர் சொல்லும் காரணம் தவறு, செய்கை சரி.

எச்சம் உண்மையிலேயே பல்லியுடையதுதானா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கறுப்பாக, ஒரு நுனியில் மட்டும் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. அந்த வெள்ளை யூரிக் அமிலம். நமக்குச் சிறுநீராகப் போவது அதற்குக் கட்டியாக வருகிறது. வெள்ளை இல்லாமல் வெறும் கறுப்பாக இருந்தால் அது எலிப்புழுக்கையாக இருக்கலாம். அப்போது நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஆளைப் பற்றி.

இடம் மாற்றுவதற்கு ஒரே வழி விளக்கு. பல்லி பூச்சியைத் தேடி வருகிறது, பூச்சி வெளிச்சத்தைத் தேடி வருகிறது. இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வெளிவாசல் விளக்கைப் போட்டுவையுங்கள். நாலைந்து நாளில் அது தானாக அங்கே குடிபெயர வாய்ப்பு அதிகம்.

இராமபாணம்

கண்ணாடியில் ஊரும் பல்லியை மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? விரல்களின் அடியில் மடிப்பு மடிப்பாகக் கோடுகள் தெரியும். பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. அந்த மடிப்புகளில் இலட்சக்கணக்கான நுண்மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் இன்னும் நூற்றுக்கணக்காகப் பிரிந்திருக்கும். அவை சுவரை அவ்வளவு நெருங்கித் தொடுவதால் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பே அதைத் தாங்குகிறது. அதற்கு வான்டர்வால்ஸ் விசை என்று பெயர். 2002ஆம் ஆண்டில்தான் கெல்லர் ஆட்டமும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சோதனையில் காட்டினார்கள். அடி எடுக்கும்போது விரலை நுனியிலிருந்து சுருட்டிப் பிரிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். உங்கள் பல்லியின் புது வாலிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. உள்ளே முள்ளெலும்பு இல்லை, குருத்தெலும்புக் குழாய் மட்டும்தான்.

கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மரவட்டை

கரப்பானைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதில் நான் இரண்டு ஆண்டுகள் தோற்றவன்.

நீங்கள் பார்த்த அரிசி அளவு ஆட்கள் பெரும்பாலும் ஜெர்மானியக் கரப்பான்கள். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் உறுதி. பெட்டைக் கரப்பான் முட்டைகளைத் தனித்தனியாக இடுவதில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சிறு பணப்பை போன்ற கூட்டுக்குள் 30 முதல் 40 முட்டைகளை அடுக்கி, பொரியப்போகும் நாள்வரை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரியும். நீங்கள் அடித்த மருந்து தாயைக் கொன்றிருக்கும். கூட்டின் ஓட்டுக்குள் அது சரியாக இறங்குவதில்லை. மூன்று வாரத்தில் வந்தது அடுத்த தலைமுறை. குளியலறைச் சாக்கடையிலிருந்து வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு இனம். அது கூட்டை ஏதாவது இடுக்கில் ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும், உள்ளே 15 முட்டை அளவில் இருக்கும்.

இரவு ஒரு மணிக்கு விளக்கைப் போடாமல் டார்ச்சோடு போங்கள். நான் அப்படிப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. பாத்திர அலமாரியில் ஒன்றுகூட இல்லை. ஃபிரிட்ஜின் பின்னால், மோட்டார் இருக்கும் தட்டில், வெதுவெதுப்பான இடத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தன. கதவின் ரப்பர் மடிப்பில் மீசைகள் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டாக நான் அலமாரிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

பிறகு தெளிப்பதை விட்டுவிட்டு, கூழ் மருந்தைக் கடுகளவு பொட்டுகளாக அந்த இடங்களில் வைத்தேன். கூழ் வைத்த இடத்தில் தெளிப்பு மருந்தை அடிக்கக் கூடாது. வாடை பட்டால் தின்ன வராது. மூன்று வாரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும், கூட்டிலிருந்து வருபவற்றுக்காக. சில கூட்டங்கள் கூழைத் தொடவே தொடாது. மருந்தில் கலந்த குளுக்கோஸை அவை வெறுத்து ஒதுக்குகின்றன என்று 1990களிலேயே கண்டுபிடித்தார்கள்; அது அவற்றுக்குக் கசப்பாகப் படுகிறது என்று 2013இல் தெரிந்தது. இனிப்பு பிடித்தவை செத்தன, பிடிக்காதவை பிள்ளை பெற்றன. அப்படியானால் வேறு நிறுவனத்தின் கூழை மாற்றிப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து ஜெர்மனியைத் திட்ட வேண்டாம். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்கிறது.

பல்லி உதவுமா என்றால், உதவும். ஆனால் ஒற்றைப் பல்லியால் ஒரு படையை அழிக்க முடியாது. அதைக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசல்

பல்லி இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வரும் என்பார்கள். அதையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

கூகை

அதில் உண்மை இருக்கிறது. வெள்ளிக்கோல்வரையன் என்று ஒரு பாம்பு உண்டு. பென்சிலைவிடச் சற்றுப் பருமன், சுவரில் ஏறும், பல்லிதான் அதன் விருப்பமான இரை. நஞ்சு இல்லாதது. சிக்கல் என்னவென்றால் அது கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்டிருக்கும். கட்டுவிரியனோ உயிர்க்கொல்லி. தூங்குகிறவரை இரவில் கடிக்கும், வலியே தெரியாமல் போகும். பட்டை கழுத்திலிருந்து தொடங்குகிறதா, வாலில் தொடங்குகிறதா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். எதைக் கண்டாலும் தள்ளி நின்று, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள்.

ஆனால் வீட்டுக்குள் பாம்பு வரப் பெரிய காரணம் எலி. பல்லியைத் துரத்திவிட்டு எலியை வைத்துக்கொண்டிருப்பது எந்தக் கணக்கு?

ஈசல்

எலிக்கு மருந்து வைத்துவிட்டால் போயிற்று.

கூகை

வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தின்றவருக்குக் கல்லீரல் செயலிழக்கும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகள் வேறு வகை. தின்ற எலி அன்றே சாகாது. பல நாள் தள்ளாடி, பரணில் போய்ச் செத்து நாறும். அதற்குள் ஓர் ஆந்தை பிடித்துவிட்டால் அந்த ஆந்தைக்குள்ளும் மருந்து போகும். ஒரு கூகைக் குடும்பம் உங்கள் பகுதியில் இருந்தால் அது இரவுதோறும் செய்யும் வேலையை எந்தப் பொறியும் செய்யாது. பெயரை வைத்துக்கொண்டு சொந்தக் கட்சிக்குப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். துளையைச் சிமெண்டாலோ இரும்பு வலையாலோ அடையுங்கள், கூண்டு வையுங்கள். எலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். அதனால் கூண்டை முதலில் நாலு நாள் திறந்தபடி வெறும் இரையோடு வையுங்கள், பிறகு பொறியை மாட்டுங்கள்.

இராமபாணம்

கரப்பானைப் பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். சென்ற வாரம் கழிவுநீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு காட்சி. மின்னும் பச்சை நிறக் குளவி, தன்னைவிடப் பெரிய கரப்பானை, மீசையைப் பிடித்து, கன்றுக்குட்டியை ஓட்டிப்போவது போலக் கூட்டிக்கொண்டு போனது. கரப்பான் தன் காலாலேயே நடந்தது. இழுத்துக்கொண்டு போகவில்லை! யாராவது விளக்குவீர்களா?

மரவட்டை

அடடா, அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது மரகதக் குளவி. முதலில் மார்பில் ஒரு கொட்டு. முன்னங்கால் சிறிது நேரம் மரத்துப்போகும். அந்த இடைவெளியில் இரண்டாவது கொட்டு நேராக மூளைக்குள். அதன் பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தோன்றாது. குளவி மீசையைப் பாதியில் கடித்துத் துண்டித்து, வழியும் நீரைக் குடித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்துப் பொந்துக்கு அழைத்துப் போகும். காலில் ஒரு முட்டையை ஒட்டிவைத்து, வாசலைக் கல்லால் அடைத்துவிடும். பொரிந்த புழு உயிரோடிருக்கும் கரப்பானைத் தின்று வளர்ந்து, குளவியாக வெளியே வரும்.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று சொல்வார்களே, அந்தப் பேச்சு இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். கூட்டுக்குள் போனது ஒன்று, வெளியே வந்தது வேறு. நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

சுவர்க்கோழி

எல்லோருக்கும் நன்றி. டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். மரவட்டை சொன்னது அப்படியே. எங்கள் வீட்டில் அவை ஒளிந்திருந்தது ஃபிரிட்ஜின் பின்னால் இல்லை, மிக்ஸியின் அடிப்பாகத்தில். கூழ் வைத்திருக்கிறேன். எச்சத்தில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது, நல்ல வேளை.

அடுத்த தலைவலி. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போகிறது. தெரிந்தவர் ஒருவர் கம்பூசியா மீன் தருகிறேன் என்கிறார். பத்து விட்டால் போதுமாம். விடலாமா?

நீர்க்காகம்

விட வேண்டாம்.

தலைகீழாக, சாய்வாகத் தொங்கினால் அது மலேரியாக் கொசுவின் புழு இல்லை. அனாஃபிலிஸ் புழு நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். உங்களுடையது டெங்கு பரப்பும் ஏடிஸாகவோ, சாதாரணக் கியூலெக்ஸாகவோ இருக்கலாம். சுத்தமான தொட்டித் தண்ணீர் என்பதால் ஏடிஸ் என்றே வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கம்பூசியா வட அமெரிக்காவில் பிறந்த மீன். கொசுவை ஒழிக்கும் என்று நம்பி உலகம் முழுவதும் கொண்டுபோய் விட்டார்கள். அது கொசுப்புழுவைத் தின்னும், மறுக்கவில்லை. கூடவே உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்னும், சிறு மீன்களின் வாலைக் கடித்துக் கிழிக்கும். முட்டையிடாது, குட்டியாகவே ஈனும், அதனால் பெருக்கமும் வேகம். மோசமான அந்நிய உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட நூறு பெயர்ப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

கூகை

தொட்டிக்குள் விடுவதை ஏரிக்குள் விடுவதாக நினைத்து நீங்கள் பேசுகிறீர்கள். நான்கு சுவருக்குள் இருக்கும் மீன் யாரைக் கெடுக்கப் போகிறது?

நீர்க்காகம்

தொட்டி கழுவும் நாளில் அந்தத் தண்ணீர் எங்கே போகும், ஐயா? கால்வாய்க்கு. கால்வாய்? எல்லா இடத்திலும் இப்படித்தான் வெளியேறியது.

மீன்தான் வேண்டுமென்றால் உங்கள் பகுதி வாய்க்காலிலேயே கொசுப்புழு தின்னும் சிறுமீன் இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும், மேலிருந்து பார்த்தால் நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும். ஆனால் குடிநீர்த் தொட்டியில் எந்த மீனையும் நான் விடமாட்டேன். மூடி போடுங்கள், இடுக்கில் வலை கட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து, உட்சுவரை நார் வைத்துத் தேயுங்கள். தேய்ப்பதுதான் முக்கியம். ஏடிஸ் முட்டையை நீரில் போடாது, நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் நிரப்பிய அன்று பொரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை.

கூகை

கழுவும் தண்ணீரை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

தூண்டில்முள்

மீன் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். கெடுதல் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக ஒரு டேங்க் கிளீனர் மீன் வாங்கினேன். விரல் நீளம். ஒன்றரை ஆண்டில் முழங்கை அளவு ஆகி, தொட்டியில் திரும்ப முடியாமல் நின்றது. கொல்ல மனம் வரவில்லை, பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டேன். கருணை என்று நினைத்துக்கொண்டேன். அது தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசம், கரையைக் குடைந்து பொந்து போட்டு முட்டையிடும், காற்றையும் விழுங்கி உயிர்வாழும். இப்போது அந்தக் குளத்தில் வலை வீசுபவர்கள் அதை எடுத்துக் கரையில் எறிகிறார்கள். அதன் முள் வலையைக் கிழிக்கிறது. நான் விட்டது ஒன்றுதான், மற்றவர்களும் விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இராமபாணம்

சொன்னதற்கு நன்றி, அண்ணா. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கிணற்றில் கெண்டைகள் இருக்கின்றன. சில நாட்களாக விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகின்றன. பசியா?

தூண்டில்முள்

பசி இல்லை, மூச்சு முட்டுகிறது. இரை போட்டுவிடாதீர்கள், இன்னும் கெடும். தண்ணீர் பச்சையாக இருக்குமே? பகலில் பாசி பிராணவாயுவை விடும், இரவில் அதுவே உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. வெயில் வந்ததும் பாசி மறுபடி வேலையைத் தொடங்கும், மீன் இறங்கிவிடும். வாளியில் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாலே அன்றைக்குத் தப்பிக்கும். விழுந்து அழுகும் இலைகளை வாருங்கள்.

விராலும் பனையேறிக் கெண்டையும் அப்படி இல்லை. அவை காற்றை நேராகச் சுவாசிப்பவை, மேலே வரவிடாமல் தடுத்தால் மூழ்கியே செத்துவிடும். மீன் மூழ்கிச் சாவதாவது என்று சிரிக்காதீர்கள்.

விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செந்நிறத்தில், நீர் கொதிப்பது போல ஓர் இடம் மட்டும் கலங்கிக்கொண்டே நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். ஒருமுறை கால் நனைக்கப் போய்க் கணுக்காலில் முட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு அந்தக் கலங்கலைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

ஈசல்

பனையேறி உண்மையிலேயே பனை ஏறுமா?

தூண்டில்முள்

டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி 1791இல் தரங்கம்பாடியில் பனைமரத்தில், நீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது வந்தது. பறவை தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். மரம் ஏறியதை நான் பார்த்ததில்லை. முதல் மழைக்குச் சாலையைக் கடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். செவுள் மூடியில் இருக்கும் முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒருக்களித்து ஒருக்களித்து நடக்கும். ஒரு பஸ் அதற்காக நின்றது. ஓட்டுநர் இறங்கித் துண்டால் பிடித்து மறுபக்க வாய்க்காலில் விட்டார்.

வெறுங்கையால் எடுக்காததே நல்லது. நச்சு முள் கொண்ட தேளி மீனாக இருந்திருந்தால் அவர் பஸ் ஓட்டியிருக்க முடியாது. எனக்கு ஒருமுறை கட்டைவிரலில் குத்தியது, தோள் வரை எரிச்சல் ஏறியது. அந்த நஞ்சுக்குச் சூடு ஆகாது. பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரி அளவில், கையை அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி இறங்கும். மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் வேறு ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் கூடினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சுவர்க்கோழி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். தொட்டிக்கு மூடி போட்டாயிற்று, வாரந்தோறும் தேய்க்கிறேன். மீன் விடவில்லை. கரப்பான் பெருமளவு குறைந்துவிட்டது. கூகை சொன்னபடி வெளிவிளக்கைப் போட்டேன். பல்லி போகவில்லை. சாப்பாட்டுக்கூடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது.

ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. கூடத்துக் கடிகாரம் நின்றுவிட்டது என்று பேட்டரி மாற்றக் கழற்றினேன். பின்பக்கக் குழிவில், சுண்ணாம்பு போல வெள்ளையாக, இரண்டு முட்டைகள். ஒன்று கடிகாரத்தோடு ஒட்டியே இருக்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை வாங்கி, சாயாமல் திரும்ப மாட்டிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் மணி நாலேகால். எத்தனை நாள் ஆகும் பொரிய?

இராமபாணம்

இட்டது எப்போது என்று தெரியாதே. மொத்தம் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம், வெப்பத்தைப் பொறுத்தது. அதுவரை முட்டையைத் திருப்பிவிடாதீர்கள்.

ஈசல்

நாலேகால், பகலா இரவா?